ஃப்ரீபிஎஸ்டியில் பகிர்வு நூலகம் உருவாகவில்லை

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
வணக்கம். பழைய மூலநிரல் ஒன்றை ஃப்ரீபிஎஸ்டி 14 இயங்குதளத்தில் தொகுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால், லினக்ஸில் கிடைத்த டாட்-எஸ்ஓ கோப்பு (பல நிரல்கள் பகிரும் நூலகம்) இங்கே இல்லை, டாட்-ஏ (நிரலுக்குள்ளேயே சேர்க்கப்படும் நிலை நூலகம்) மட்டுமே இருக்கிறது. ஏன்?

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர்):
மூலநிரலோடு வரும், தொகுக்கும் முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் கோப்பில் 'ஃப்ரீபிஎஸ்டி1*' என்று தொடங்கும் வரியைத் தேடிப் பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டியின் 1 வரிசை வெளியீடுகளுக்கென்று, நூலகங்களை உருவாக்க உதவும் கருவியான லிப்டூலில் எழுதப்பட்ட அந்த வரி, 2014இல் ஃப்ரீபிஎஸ்டி 10 வெளிவந்ததும் அதன் பெயரோடும் பொருந்திவிட்டது. நட்சத்திரக் குறி எதையும் ஏற்பதால் 14ஐயும் பழையதென்றே எண்ணி, நிலை நூலகத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஒன்றுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே புள்ளி வையுங்கள். (ஒரு புள்ளிக்கு இத்தனை பாடு!)

மற்றொரு பதில்:
கோப்பில் அவ்வரி பலமுறை வரும், ஒன்றையும் விடாதீர்கள். புதிய லிப்டூல் இருந்தால், கான்ஃபிகர் கோப்பைப் புதிதாக உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் கட்டளையை இயக்குவதே முறை.

கேட்டவர்:
மூன்று இடங்களில் திருத்தினேன், டாட்-எஸ்ஓ வந்துவிட்டது. நன்றி.