எட்டு டெராபைட்டும் இரண்டாவது சரணமும்

அஸ்தம்பட்டியிலிருந்து

சேலத்தில் பாட்டு சேர்க்கிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. 1935இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய ஊர் இது. ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. படம் எடுத்த ஊரில் படப்பாட்டுப் பைத்தியம் இருப்பதில் வியப்பில்லை. சேர்க்கிறவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம். நான் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் பார்த்தவர்களைப் பற்றி நீங்களும் எழுதுங்கள்.

அழகாபுரத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். எந்தத் துறை என்பது வேண்டாம். மாடியில் ஓர் அறையையே பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார். இசைத்தட்டு, கேசட் எதுவும் கிடையாது. எல்லாம் ஹார்ட் டிஸ்க். மொத்தம் எட்டு டெராபைட் என்று சொன்னபோது முகத்தில் அப்படியொரு நிறைவு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 128 கேபிபிஎஸ் என்ற வழக்கமான தரத்தில் உள்ள எம்பி3 கோப்பு என்றால் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. எட்டு டெராபைட்டையும் சோறு, தூக்கம் இல்லாமல் கேட்டால் 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தினமும் இரண்டு மணி நேரம் கேட்கிற நல்ல ரசிகர் என்றால் 190 ஆண்டுகள். அவருக்கு இப்போதே எழுபது நெருங்குகிறது.

காலைப் பலகாரம் முடிந்ததும் அறைக்குள் போய் உட்காருகிறார். புதிதாக வந்த பாட்டைப் பத்து விநாடி ஓட்டிப் பார்ப்பார். இரைச்சல் உண்டா, பெயர் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பார். படம், ஆண்டு, பாடியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் நிரப்பி, உரிய இடத்தில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார். முன்னிசை இரண்டு விநாடி ஒலித்தால் போதும், படத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். அதில் அவரை வெல்ல இந்த ஊரில் ஆளில்லை. ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்போமே என்றேன். பல்லவி முடிந்ததும் அவர் கை தானாகவே அடுத்த பாட்டுக்குப் போயிற்று. தடுத்தேன். "சரணத்தில் என்ன இருக்கிறது? ஒரே மெட்டுத்தானே திரும்பத் திரும்ப வரும்?" என்றார்.

அது இளையராஜாவின் பாட்டு. அவருடைய பாடல்களில் முதல் சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசை வேறு, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருவது பெரும்பாலும் வேறு. அந்த இரண்டாவது இடையிசைக்காகவே நான் அந்தப் பாட்டைத் தேடிப் போவதுண்டு. ஊரிலேயே அதிகப் பாட்டு வைத்திருக்கும் மனிதர் அந்தப் பக்கம் எட்டியே பார்த்ததில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கையில் இருக்கும் கருவி அப்படி.

எண்பதுகளில் எங்கள் தெருமுனையில் கேசட்டில் பாட்டு பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. நாமே பட்டியல் எழுதிக்கொண்டு போக வேண்டும். "அறுபதா, தொண்ணூறா?" என்று கேட்பார் கடைக்காரர். தொண்ணூறில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும் என்று தெரிந்தால், அதை அடித்துவிட்டு இரண்டே முக்கால் நிமிடத்தில் முடிகிற பாட்டு ஒன்றை அவரே தேடிப் போடுவார். நாம் கேட்காத பாட்டு. ஆனால் அதைப் போடாதீர்கள் என்று சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எந்தப் பாட்டு எவ்வளவு நீளம், எதில் புல்லாங்குழல் எங்கே வருகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாம் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையை உயர்த்துவார். பேச்சை நிறுத்த வேண்டும். ஒரு வரி போகும். பிறகு கையை இறக்கி, "ம், சொல்லுங்கள்" என்பார்.

அந்த ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்தது? எல்பி தட்டிலிருந்து கேசட்டுக்கு ஒரு பாட்டு ஏற, அந்தப் பாட்டின் நேரமே ஆகும். தொண்ணூறு நிமிடக் கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிடம். தட்டு மாற்றும் நேரம் தனி. அவர் பதிந்த பாட்டு ஒவ்வொன்றும் அவர் காதைக் கடந்துதான் கேசட்டுக்குப் போனது. இன்று ஆயிரம் பாட்டு பென் டிரைவில் ஏறுவதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். எடுப்பதும் கேட்பதும் அன்று ஒரே வேலையாக இருந்தது. இன்று அவை இரண்டு வேலைகள், இரண்டாவதைத் தள்ளிப்போடலாம். எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

அயோத்தியாபட்டணத்திலிருந்து

காதைக் கடந்துவிட்டால் ரசித்ததாகிவிடுமா? எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், சீர், மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் நாள் முழுவதும் தட்டு மாற்றிக்கொண்டே இருப்பார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான். எஃகு ஊசியை அடிக்கடி மாற்றவும் வேண்டும். பந்தியில் எதைப் போடுவது, பெண்ணை அனுப்பும்போது எதைப் போடுவது என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. எல்லாப் பாட்டையும் முழுதாகக் கேட்டவர். ஆனால் வீட்டில் ரேடியோவைத் திருப்பினால் எரிந்து விழுவார். அவருக்குப் பாட்டு என்றால் கூலி.

ஒரே விதிவிலக்கு, டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் வாசித்த தோடி. கச்சேரியில் மணிக்கணக்கில் நீட்டக்கூடியவர், தட்டுக்காகச் சில நிமிடங்களில் அந்த ராகத்தை அடக்கியிருப்பார். முகூர்த்த நாளில் ஊர் எழுவதற்கு முன்னால், செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் அப்பா அதைப் போடுவார். யாரும் கேட்டுப் போட்டதல்ல. அந்த நேரத்தில் அவரிடம் எதுவும் பேசக்கூடாது.

ஏற்காட்டிலிருந்து

நான் கணக்கெழுதும் காப்பித் தோட்டத்தின் பழைய பங்களாவில் இரண்டு மரப்பெட்டி நிறையத் தட்டுகள் இருக்கின்றன. உரிமையாளர்கள் வெளிநாட்டில். சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் ஒன்றும் உண்டு, ஸ்பிரிங் போய்விட்டது. தட்டுகளை விற்றுவிடச் சொன்னார்கள். சமவெளியிலிருந்து வியாபாரி ஒருவர் வந்தார். உறை, லேபிள், விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, மேல்தளத்தில் கீறல் உண்டா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவரிடம் காரில் சின்ன பிளேயர் இருந்தது. ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். "ஓட்ட ஓட்ட விலை குறையும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், ஊசி பட்டால் தடம் தேயத்தான் செய்யும். ஆனாலும் பாடுவதற்காகச் செய்த பொருள் பாடினால் மதிப்பு போய்விடும் என்றால் இது என்ன வியாபாரம் என்று எனக்குப் புரியவில்லை. நல்லதாகப் பொறுக்கி எடுத்து, கம்பளியில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மெதுவாக ஓட்டிக்கொண்டு இறங்கினார்.

மிச்சம் இருப்பவற்றை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இங்கே சுமார் 1,500 மீட்டர் உயரம், மழையும் மூடுபனியும் சேர்ந்து எல்லாவற்றிலும் பூஞ்சை. அதை எப்படிச் சுத்தம் செய்வது? ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து

நானும் சேர்க்கிறவன்தான். எல்லோரும் சேர்ந்து எங்கள் இனத்தையே கேலி செய்வதால் எழுதுகிறேன்.

கல்கத்தாவில் 1902இல் கௌஹர் ஜான் என்ற பாடகி பாடியதை ஒலிப்பதிவு செய்தார்கள். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கிருப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே என்பதற்காக, பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். இன்றும் அந்தக் குரலைக் கேட்க முடிகிறது என்றால் யாரோ சிலர் அந்தத் தட்டுகளை உடையாமல் வைத்திருந்ததால்தான். அரக்கு கலந்து செய்த தட்டு கைதவறினால் அப்பளமாக நொறுங்கும். அவர்களில் எத்தனை பேர் தினமும் போட்டுக் கேட்டு உருகினார்கள் என்று நீங்கள் விசாரிக்கப் போகிறீர்களா?

அஸ்தம்பட்டிக்காரர் சரணத்துக்காக வருந்துகிறார். பழைய படங்களில் மூன்று நிமிடத் தட்டுக்காகப் பாட்டைச் சுருக்குவது வழக்கம். படத்தில் உள்ள சரணம் தட்டில் இருக்காது. சில சமயம் தட்டில் உள்ளது படத்தில் இருக்காது. இரண்டையும் வைத்திருப்பவன் ஒருவன் இருந்தால்தான் எது விட்டுப்போனது என்றே தெரியும். அவன் எங்களைப் போன்ற ஆளாகத்தான் இருப்பான். அடுக்குவதும் தேடுவதும் இன்பம் இல்லை என்று யார் சொன்னது? பல ஆண்டுகள் தேடிய தட்டு செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த அன்று நான் சாப்பிடவே இல்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து

தேடுவதில் இன்பம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். காப்பாற்றுகிறார்கள் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. சூரமங்கலத்தார் எழுதியதைப் படித்துவிட்டு அழகாபுரத்துக்கு மறுபடியும் போனேன். ஐம்பதுகளின் பாட்டு ஒன்று, அதன் தட்டு வடிவமும் பட வடிவமும் இருக்கிறதா என்று கேட்டேன். தேடினார். ஒன்றுதான் இருந்தது. "முன்பு மூன்று இருந்ததே" என்று அவருக்கே குழப்பம். பிறகு நினைவு வந்தது. ஒரே பாட்டு இரண்டு முறை இருந்தால் நீக்கித் தரும் மென்பொருள் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறார். பாட்டின் பெயர், படம், பாடியவர் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துவிடும். அவர்தான் பெயர்களை அப்பழுக்கில்லாமல் நிரப்பி வைத்திருக்கிறாரே! ஆயிரக்கணக்கில் அழிந்திருக்கிறது. "இடம் நிறைய மிச்சமாயிற்று" என்றார்.

மிஞ்சியிருந்தது சரணம் குறைந்த தட்டு வடிவம். படத்தில் இன்னொரு சரணம் உண்டு என்று சொன்னேன். "அப்படியா?" என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சூரமங்கலத்திலிருந்து

வயிறு எரிகிறது. பெயரை நம்பி அழித்திருக்கிறார். நேரத்தைப் பார்த்திருந்தால்கூடத் தப்பியிருக்கும். காதால் கேட்டு அறியாதவர் கையில் அழிக்கும் கருவி போகக்கூடாது என்பதை ஏற்கிறேன். அதற்காகச் சேகரிப்பையே குறை சொல்வதை ஏற்கமாட்டேன்.

ஏற்காட்டு நண்பருக்கு: ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். 78 சுழற்சித் தட்டின் அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், தடமே போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான தூரிகையால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிள் நனையக்கூடாது. விரிசல் விட்ட தட்டை நனைக்காதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை கழுவி, நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். பழைய காகித உறைகளில் பூஞ்சை இருக்கும், திரும்ப அதில் போடாதீர்கள். ஸ்பிரிங் போன கிராமபோனைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எந்த அளவு ஸ்பிரிங் என்று பார்த்துச் சொல்கிறேன்.