மறு: ‘டாக்கிங்’ – பொருத்தக்கணிப்பு என்று வைக்கலாமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மூலக்கூறு ஒரு புரதத்தின் குழிவில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்துப் பார்க்கும் முறைதான் ‘டாக்கிங்’ (docking). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: மூலக்கூற்றுப் பிணைப்பு, அணைவு, நங்கூரமிடல். சிறுகுறிஞ்சான் செடியின் வேதிப்பொருள்கள் இனிப்புநீர் நோயில் (நீரிழிவில்) எந்தெந்தப் புரதங்களைத் தொடக்கூடும் என்று கணினியில் தேடும் ஆய்வுமுறையைத் தமிழில் விளக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று சொற்களையும் அதில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் இடறுகின்றன.

பிணைப்பு என்றால் சகப்பிணைப்பு, அயனிப்பிணைப்பு என்று பள்ளிப் பாடத்திலேயே பொருள் நிலைத்துவிட்டது. அதைவிடப் பெரிய காரணம் எங்கள் வீட்டில் நடந்தது. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: சிறுகுறிஞ்சான் இனிப்புநீர்ப் புரதத்தோடு ‘பிணைந்து’ நோயை நிறுத்துவது கணினியில் நிரூபணமாகிவிட்டதாம். லெபோ பசாரில் பொடி வாங்கிக் குடித்துக்கொண்டு, இந்நோய்க்கு எடுத்துவந்த மெட்ஃபார்மின் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டார். தலைசுற்றி விழுந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கிறது. நாம் வைக்கும் சொல் அந்த வீடுகளுக்கெல்லாம் போகும்.

உண்மையில் மென்பொருள் செய்வது என்ன? ஆட்டோடாக் வினா (AutoDock Vina) என்ற மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். புரதத்தின் முப்பரிமாண அமைப்பைக் கொடுக்கிறோம், செடியின் மூலக்கூறு ஒன்றையும் கொடுக்கிறோம். புரதத்தின் குழிவுக்குள் அந்த மூலக்கூறைத் திருப்பியும் வளைத்தும் பல நிலைகளில் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கிலோகலோரி/மோல் என்ற ஆற்றல் அளவில் ஓர் எண் தருகிறது. எண் எவ்வளவு எதிர்மமோ அவ்வளவு நல்ல பொருத்தம். மாவுச்சத்தின் செரிமானத்தில் கடைசி வெட்டுகளைப் போடும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியில் செடியின் மூலக்கூறு பெறும் எண்ணை, அந்நொதியைத் தடுக்கும் அகார்போஸ் மருந்தின் எண்ணோடு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் மூலக்கூறு அந்த நொதியைத் தடுக்குமா, குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகுமா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. பருமனான மூலக்கூறுக்குப் பருமனாலேயே நல்ல எண் விழுவதும் உண்டு. சிறுகுறிஞ்சானில் உள்ள ஜிம்னமிக் அமிலம் I என்பதன் மூலக்கூறு எடை 800ஐத் தாண்டுகிறது. சோதனைக்குழாய், எலி, மனிதர் என்று வழி இன்னும் நீளம்.

அணைவு என்றால் வேதியியலார் அணைவுச் சேர்மத்தை நினைப்பார்கள். நங்கூரமிடல் அழகான சொல்தான். ஆனால் பினாங்கில் வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: நங்கூரம் நடுக்கடலிலும் போடுவார்கள், ‘டாக்கிங்’ என்ற ஆங்கிலச் சொல் குறிப்பதுபோல் கப்பல் துறையில் அணைவது வேறு.

என் முன்மொழிவு ‘மூலக்கூற்றுப் பொருத்தக்கணிப்பு’, சுருக்கமாகப் ‘பொருத்தக்கணிப்பு’. பொருத்தம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பத்துக்கு ஒன்பது பொருந்தினாலும் கல்யாணம் முடிந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. இனிமேல்தான் பெண் பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும். கணிப்பு என்பதிலோ கணக்கும் இருக்கிறது, நிச்சயமின்மையும் இருக்கிறது. சோதிட வாடை அடிக்கும் என்று சிலர் தயங்கலாம். வானிலைக் கணிப்பு, கருத்துக் கணிப்பு என்றெல்லாம் சொல்லும்போது அந்த வாடை வருவதில்லையே. ‘பொருத்தாய்வு’ என்றும் யோசித்தேன், கண் அதைப் ‘பொருத்தா’ என்று பிரித்துவிடுகிறது.

கிளைச்சொற்களும் இதில் எளிதாக வருகின்றன. குழிவில் மூலக்கூறு கிடக்கும் விதம் பொருந்துநிலை, புரதம் இலக்குப் புரதம். குழிவில் வைக்கும் அந்த மூலக்கூறான லிகண்டுக்குப் (ligand) பாடநூலின் ‘ஈனி’ இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

சொல் எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதற்கு இந்தச் செடியே சாட்சி. இதன் இன்னொரு பெயர் சர்க்கரைக்கொல்லி. இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போல இருக்கும், நாவின் இனிப்பு ஏற்பியை அது மறைத்துவிடுவதால். அது கொல்வது இனிப்புச் சுவையை. பெரியம்மாவோ இரத்தத்துச் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டார்.

மென்பொருள் தரும் எண்ணான ஸ்கோருக்கு மட்டும் இரண்டு மனமாக இருக்கிறேன். ‘பொருத்தப்புள்ளி’ என்றால் பரீட்சை மதிப்பெண்ணாகி, அதிகமானால் நல்லது என்று தோன்றும். இங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது. ‘பொருத்த ஆற்றல்’ சரிப்படுமா? இயற்பியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.