அப்டேட் போட்டதும் பென்டிரைவ் படுத்துக்கொண்டது: ரோலிங் ரிலீஸ் அனுபவங்கள்

ஆபீஸில் பக்கத்து சீட்டுத் தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, பென்டிரைவ் செத்துப்போச்சு போல." ஆர்ச் லினக்ஸ். செருகினால் விளக்கு மினுக்குகிறது, மவுன்ட் ஆகவில்லை. பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் வி-ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டமே தெரியாது என்கிறது. என் மெஷினில் அதே பென்டிரைவ் சமர்த்தாகத் திறந்தது.

"காலையில அப்டேட் போட்டீங்களா?"

"போட்டேண்ணே. வேலை ஓடிட்டிருந்துச்சு, ரீபூட் பண்ணல."

டெபியன் ஸ்டேபிள் என்ற இன்னொரு லினக்ஸ் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாறும். ஆர்ச்சில் அப்படி ஒரு நாளே கிடையாது; கெர்னலோ (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) கால்குலேட்டரோ, எது தயாரோ அது வந்துகொண்டே இருக்கும். இதுதான் ரோலிங் ரிலீஸ். ஆர்ச்சின் அப்டேட் கருவியான பேக்மேன் புதுக் கெர்னலை வைக்கும்போது பழையதன் மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னல் ஏற்றிக்கொள்ளும் துண்டு) ஃபோல்டரை டிஸ்கிலிருந்து எடுத்துவிடும். மெமரியில் ஓடுவதோ இன்னும் பழைய கெர்னல்தான். ஏற்கெனவே ஏற்றிய மாட்யூல்கள் இருப்பதால் வைஃபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்யும் (அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வராது). வி-ஃபேட் போலப் புதிதாக ஒன்று தேவைப்படும்போது தேடிப்போனால் அங்கே இருக்காது. டெர்மினலில் காட்டினேன்: ஓடும் கெர்னலுக்கு ஒரு எண், மாட்யூல் ஃபோல்டருக்கு வேறு எண். ரீபூட் செய்ததும் பென்டிரைவ் வந்துவிட்டது.

பயந்துபோய், "இனிமே வேணுங்கிற பேக்கேஜை மட்டும் அப்டேட் பண்ணிக்கிறேன்" என்றார். அது இதைவிட வம்பு. ஒரு புது பேக்கேஜ் கூடவே புது லைப்ரரியையும் (பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகுதி) இழுத்துவரும். பழைய லைப்ரரியை நம்பியிருந்த மற்ற புரோகிராம்கள் திறக்காமல் போகும். போட்டால் மொத்தமாகப் போட வேண்டும். அதற்கு முன் ஆர்ச் தளத்தின் செய்திப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

பதில்:

நான் பயன்படுத்துவது ஓப்பன்சூசே டம்பிள்வீட் என்ற லினக்ஸ். அதுவும் ரோலிங்தான், ஆனால் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் (ஒரு தடவைக்கான அப்டேட் தொகுப்பு) ஓப்பன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனையைத் தாண்டித்தான் வரும். அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி சிஸ்டத்தைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்டுப்போனால் பூட் மெனுவிலேயே பழையதற்குத் திரும்பலாம். எனக்கு இது இல்லாமல் ரோலிங்கே வேண்டாம்.

ஆனால் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1-இல் ஒளித்துவைத்த பின்கதவு அந்தச் சோதனையையும் தாண்டி டம்பிள்வீட்டுக்குள் வந்துவிட்டது. டெபியன் ஸ்டேபிள் பழைய எக்ஸ்இசட்டிலேயே இருந்ததால் தப்பியது. பின்கதவு குறிவைத்தது எஸ்எஸ்ஹெச்சை, அதாவது வெளியிலிருந்து லாகின் செய்யும் வழியை; அதை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களைப் புதிதாகவே இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். வீட்டு லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் திறக்கவே இல்லை என்பதால் எனக்கு ஒரு சாதாரண அப்டேட்டோடு முடிந்தது.