தாய்ப்பூனையின் பால் வற்ற வழி கூறுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணம், கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பூனை ஈன்ற மூன்று குட்டிகளுக்கும் இப்போது 9 வாரங்கள் ஆகின்றன. நான்காம் வாரம் முதல் முள் நீக்கி அவித்த சூடை மீனையும் குழைத்துக் கொடுத்துப் பழக்கியதால் அவை தாமாகவே நன்றாக உண்கின்றன. ஆயினும், விறாந்தையில் தாய் படுத்தவுடன் ஓடிவந்து முட்டி முட்டிக் குடிக்கின்றன. பிழிந்தெடுத்தால் பால் மேலும் சுரக்கும் என்பதால் அதைச் செய்யவில்லை. பகலில் குட்டிகளை வேறு அறையில் விடுகிறோம். தாய் கதவைப் பிறாண்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நேற்றிலிருந்து பின்புற முலையொன்று சிவந்து, தொட்டால் சுடுகிறது. மடிவீக்கமோ என்று அஞ்சுகிறேன். இரவில் மட்டும் குடிக்க விட்டால் பால் வற்றத் தாமதமாகுமா? தாயின் உணவை எவ்வளவு குறைக்கலாம்? திருநெல்வேலிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமையிலும் பார்க்கும் மிருக வைத்தியர் இருந்தால் தயவுசெய்து அறியத்தாருங்கள்.