டொலுவீன் + பெர்மாங்கனேட்: ஊதா போகவில்லை, ஈல்டும் (கிடைக்கும் விளைபொருளின் அளவு) தேறவில்லை. யாராவது உதவுங்கள்

மூன்றாம்பெஞ்ச்:
வணக்கம். டொலுவீனிலிருந்து பென்சாயிக் அமிலம் எடுக்கும் செய்முறை. டொலுவீன் 1 மி.லி., பொட்டாசியம் பெர்மாங்கனேட் 3 கிராம், சோடியம் கார்பனேட் 1 கிராம், தண்ணீர் 60 மி.லி. ரிஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்வித்துத் திரும்பக் குடுவைக்கே விட்டுக் கொதிக்கவைப்பது) 2 மணி நேரம். அடியில் பழுப்புச் சேறு (மாங்கனீசு டை ஆக்சைடு) வந்துவிட்டது, ஆனால் மேலே கரைசல் இன்னும் நல்ல ஊதா. வடிகட்டி, கழுவி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதில் கிடைத்தது 0.2 கிராம்தான். உருகுநிலை 117–120. அமிலம் விடும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வேறு.

பக்கத்து மேசை நண்பன், "கொஞ்சம் அடர் கந்தக அமிலம் ஊற்று, பெர்மாங்கனேட்டுக்கு வேகம் வரும்" என்கிறான். செய்யலாமா?

பழையலேப்:
முதலில் கடைசிக் கேள்வி. வேண்டவே வேண்டாம். பெர்மாங்கனேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தால் மாங்கனீசு ஹெப்டாக்சைடு உருவாகும். பச்சை கலந்த எண்ணெய் மாதிரி இருக்கும், தானாகவே வெடிக்கக்கூடியது. கரிமப் பொருள் எது பட்டாலும் தீப்பிடிக்கும். உங்கள் குடுவையில் டொலுவீனே இருக்கிறது. நண்பனிடமும் சொல்லிவிடுங்கள்.

அந்த நெடி குளோரின். மிச்சமிருந்த பெர்மாங்கனேட் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டது. கரைசல் ஊதாவாக இருக்கும்வரை அமிலப் பாட்டிலைத் தொடாதீர்கள். ஆறிய பிறகு சோடியம் பைசல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிறத்தைப் போக்குங்கள். வடிதாளில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்: பழுப்புப் புள்ளியைச் சுற்றி ஊதா வளையம் தெரிந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

மூன்றாம்பெஞ்ச்:
நன்றி அண்ணா, நண்பனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் பெர்மாங்கனேட் இவ்வளவு வலுவான ஆக்சிஜனேற்றி என்றால் டொலுவீனை ஏன் விட்டுவைக்கிறது? அளவு குறைவா?

குடுவைக்காரி:
அளவு சரிதான். ஒரு மோல் டொலுவீனுக்கு இரண்டு மோல் பெர்மாங்கனேட் வேண்டும். மெத்தில் தொகுதி அமிலமாக மாறும்போது 6 எலக்ட்ரான் இழக்கிறது. காரக் கரைசலில் மாங்கனீசு +7-இலிருந்து +4-க்கு வரும்போது 3 எலக்ட்ரான்தான் வாங்கும். உங்கள் 1 மி.லி.க்கு 2.97 கிராம் போதும், நீங்கள் போட்டது 3. அது கணக்குக்குத்தான் சரி. சூடான கரைசலில் பெர்மாங்கனேட் கொஞ்சம் தானாகவே சிதையும், அதனால் சற்றுக் கூடுதலாகவே போடுவார்கள்.

பிரச்சினை சந்திப்பில்தான். பெர்மாங்கனேட் தண்ணீரில் இருக்கிறது, டொலுவீன் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் அரை கிராம்தான் கரையும். இரண்டும் சேர்ந்து சுமார் 85 டிகிரியிலேயே கொதிக்கும். அப்போது டொலுவீனில் பெரும்பங்கு ஆவியாகிக் கண்டென்சருக்கும் குடுவைக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், வினை நடக்கும் இடத்தில் இருக்காது. கண்டென்சரிலிருந்து எண்ணெய்த் துளிகள் விழுந்தனவா?

மூன்றாம்பெஞ்ச்:
ஆமாம்! கடைசிவரை விழுந்தன. கலக்கி வேறு சேற்றில் மாட்டிக்கொண்டு சுற்றவே இல்லை.

குடுவைக்காரி:
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. கலக்கி நின்றால் இந்த வினையும் நின்ற மாதிரிதான். பெரிய காந்தத் துண்டு போடுங்கள், பெர்மாங்கனேட்டை ஒரேயடியாகக் கொட்டாமல் பகுதி பகுதியாகச் சேருங்கள். டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு ஒரு சிட்டிகை இருந்தால் அது பெர்மாங்கனேட் அயனியைக் கரிம அடுக்குக்குள் கூட்டிப்போகும், நேரம் நன்றாகக் குறையும். எண்ணெய்த் துளி விழுவது நிற்கும்வரை ரிஃப்ளக்ஸ். கடிகாரம் பார்த்து நிறுத்தாதீர்கள்.

கார்பன்பித்து:
அசிட்டோன் ஊற்றி ஒரே அடுக்காக்கினால் என்ன?

பழையலேப்:
குளிர்ந்த, நடுநிலைக் கரைசலில் அசிட்டோன் ஓரளவு தாங்கும். காரத்தில் சூடாக்கினால் ஈனோலேட் (காரம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கியதும் வரும் அயனி) வழியாக அதுவே ஆக்சிஜனேற்றம் ஆகி உங்கள் பெர்மாங்கனேட்டைத் தின்றுவிடும். மூன்றாம் நிலை பியூட்டைல் ஆல்கஹால் தேவலை, அதில் OH தாங்கும் கார்பனில் ஹைட்ரஜனே கிடையாது. மூன்றாம் நிலை பியூட்டைல் பென்சீன் பெர்மாங்கனேட்டுக்கு அசையாததற்கும் இதே காரணம்தான்: வளையத்தை ஒட்டிய கார்பனில் பிடுங்க ஹைட்ரஜன் இல்லை. எத்தில் பென்சீனில் இருக்கிறது, அதனால் அது சங்கிலி அறுந்து பென்சாயிக் அமிலம்தான் தரும்.

கார்பன்பித்து:
டொலுவீன் அமிலமாகும் வழியில் பென்சால்டிஹைடு வருமே, வினை அதில் ஏன் நிற்பதில்லை?

பழையலேப்:
முதல் ஹைட்ரஜனைப் பிடுங்குவதுதான் கடினம். அதற்குப் பிறகு வரும் ஆல்கஹாலும் ஆல்டிஹைடும் டொலுவீனைவிட வேகமாக வினைபுரியும். தண்ணீரில் ஆல்டிஹைடு ஒரு நீர் மூலக்கூறை ஏற்று ஹைட்ரேட் ஆகும், அந்த ஹைட்ரேட்டை ஆக்சிஜனேற்றி மறுபடி ஆல்கஹால் மாதிரியே பிடித்துக்கொள்ளும். பென்சைல் ஆல்கஹாலை எடுத்து டைகுளோரோமீத்தேனில் பிசிசி (பிரிடினியம் குளோரோகுரோமேட் என்ற ஆக்சிஜனேற்றி) போட்டால் ஆல்டிஹைடில் நிற்கிறதே, அங்கே தண்ணீர் இல்லை.

குடுவைக்காரி:
மூன்றாம்பெஞ்ச், ஒன்று விட்டுப்போயிற்று. அமிலம் விடும்போது வடிநீர் மொத்தம் எவ்வளவு இருந்தது?

மூன்றாம்பெஞ்ச்:
பழுப்பைப் பலமுறை கழுவியதால் 150 மி.லி. இருக்கும். அறை வெப்பத்தில்தான் வடிகட்டினேன்.

குடுவைக்காரி:
அங்கேதான் பாதி போயிருக்கிறது. பென்சாயிக் அமிலம் 25 டிகிரியில் லிட்டருக்கு 3.4 கிராம் கரையும். 150 மி.லி.யில் அரை கிராம்! உங்களுக்கு முழுதாக வரக்கூடியதே 1.15 கிராம்தான். கழுவுவது சரி, சூடான தண்ணீரில் கொஞ்சமாகக் கழுவுங்கள். அமிலம் விடுவதற்கு முன் வடிநீரைக் காய்ச்சி 30 மி.லி. அளவுக்குக் குறையுங்கள். உப்பு வடிவில் இருப்பதால் பென்சோயேட் ஆவியாகிப் போகாது. பிறகு ஐஸில் வைத்து அமிலம் விடுங்கள். 0 டிகிரியில் கரைதிறன் லிட்டருக்கு 1.7 கிராம்தான். உருகுநிலை தூய பென்சாயிக் அமிலத்தின் 122 டிகிரிக்குக் கீழே வந்தது ஈரமாகவோ மாசு கலந்தோ இருந்ததால் இருக்கலாம். வெந்நீரில் ஒருமுறை மறுபடிகமாக்கி நன்றாக உலர்த்திப் பாருங்கள்.

வடிதாள் அடைத்துக்கொண்டால் சீலைட் (வடிகட்ட உதவும் நுண்ணிய தூள்) ஒரு படுகை போடுங்கள். அது இல்லையென்றால் வடிகட்டாமலே, அமிலமும் பைசல்பைட்டும் சேர்த்தால் பழுப்பு முழுக்கக் கரைந்து வெள்ளைப் படிகம் மட்டும் நிற்கும். சல்பர் டை ஆக்சைடு வரும், ஃபியூம் ஹூடுக்குள் (புகையை வெளியே இழுக்கும் பெட்டி) செய்யுங்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
மிக்க நன்றி அக்கா. மிச்ச ஊதாக் கரைசலை எங்கே ஊற்றுவது? மேசையில் "கரிமக் கழிவு" கேன் ஒன்றுதான் இருக்கிறது.

பழையலேப்:
அதில் ஊற்றவே கூடாது. பெர்மாங்கனேட், நைட்ரிக் அமிலம், பெராக்சைடு எதுவானாலும் கரைப்பான் கேனுக்குள் போனால் உள்ளே வினை மெதுவாக நடந்து வாயு சேரும். மூடி இறுக்கமாக இருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுகூட வெடிக்கும். பைசல்பைட்டால் நிறம் போக்கியபின் உலோகக் கழிவுக் கேனில் விடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் லேப் உதவியாளரிடம் தனியாகக் கேன் கேட்டு, பெயர் எழுதி ஒட்டிவிட்டு ஊற்றுங்கள்.