அம்மாவுக்கு சோயா மாத்திரை கொடுக்கலாமா?

தோழிகளே, அக்காமார்களே, ஒரு விவரம் வேணும்.

அம்மாவுக்கு வயசு 54, மாதவிலக்கு நின்னு சில வருஷம் ஆச்சு. எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன்ல இடுப்பு எலும்பு டி-ஸ்கோர் (அடர்த்தியைக் காட்டுற எண்) மைனஸ் 1.9. மைனஸ் 2.5க்குப் போனாத்தான் எலும்புப்புரை, இது அதுக்கு முந்தின கட்டம்னு டாக்டர் சொன்னார். கால்சியமும் வைட்டமின் டியும் எழுதிக் கொடுத்திருக்கார்.

சித்தியோ, சோயா ஐசோஃப்ளேவோன் (சோயாவுல இருக்கிற ஒரு வகைப் பொருள்) மாத்திரை, எலும்பைக் காக்கிற பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும், வாங்கிக் கொடுன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. தேடிப் படிச்சா தலை சுத்துது. 2007ல இத்தாலியில தினம் 54 மில்லிகிராம் ஜெனிஸ்டீன் (ஐசோஃப்ளேவோன்ல ஒரு வகை) 2 வருஷம் கொடுத்ததுல எலும்பு அடர்த்தி கூடியிருக்கு. 2011ல வந்த அமெரிக்க ஆய்வுல தினம் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃப்ளேவோன் 2 வருஷம் கொடுத்தும் தேய்மானம் நிக்கலை. சோயாவுல இருக்கிற டெய்ட்சீன்ங்கிற இன்னொரு ஐசோஃப்ளேவோனை, ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யற ஈக்வால்ங்கிற பொருளா மாத்துற குடல் பாக்டீரியா எல்லாருக்கும் இருக்காதாம். ஆளுக்கு ஆள் பலன் வேற மாதிரி இருக்க அதுவும் காரணமா இருக்கலாம்.

கடையில பார்த்த டப்பாவுல "100% இயற்கை"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், எத்தனை மில்லிகிராம்னு மட்டும் காணோம்!

எனக்குப் பெரிய பயம் தைராய்டு. அம்மா காலையில வெறும் வயித்துல தைராக்சின் போடுறாங்க. சோயா அந்த மருந்தை உடம்பு எடுத்துக்கிறதைக் குறைக்கலாம்னு தெரியும். கால்சியம் மாத்திரையும் அப்படித்தான், அதையே 4 மணி நேரம் தள்ளித்தான் கொடுக்கிறோம். மீல்மேக்கர் குழம்பு எப்பவாவது வைக்கிறதுதான், அதை நிறுத்தப் போறதில்லை.

சோயா மாத்திரை எடுத்து, முன்னாடியும் பின்னாடியும் டெக்ஸா பார்த்தவங்க இருக்கீங்களா? தைராய்டு மாத்திரையோட சேர்த்து எடுத்திருந்தா, டிஎஸ்எச் (தைராய்டுக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை) அளவு மாறுச்சா? அடுத்த தடவை டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னும் சொல்லுங்க. விக்கிறவங்க இன்பாக்ஸுக்கு வராதீங்க, ப்ளீஸ்.