மாமியாருக்கு வால் எலும்பின் மேல் படுக்கைப்புண், குதிகாலில் கருநீலம்: வீட்டில் என்ன செய்யலாம்?

வைகைக்கரை:

வணக்கம். மாமியாருக்கு 74 வயது, எடை 58 கிலோ. பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வலது கை, கால் அசைவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வாயால்தான் சாப்பாடு, ஆனால் பாதி வயிறுதான்.

வால் எலும்புக்குச் சற்று மேலே பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து, இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கிறது. குழி இல்லை, நாற்றம் இல்லை. வலது குதிகாலில் தோல் கிழியவில்லை, ஆனால் நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு தெரிகிறது.

காற்று மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறோம். மெத்தை நனையாமல் இருக்க அதன்மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் மடித்த போர்வை. மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி டி.வி. பார்க்க உட்கார வைக்கிறோம். இரவு 10 மணிக்கு டயப்பர் போட்டால் காலை 6 மணிக்குத்தான் மாற்றுகிறோம். புண்ணில் தினமும் பெட்டாடின் ஊற்றித் துடைத்து, பஞ்சு வைத்து ஒட்டுகிறோம். உறவினர் ஒருவர் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடச் சொல்கிறார். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வாங்கலாமா? எதைத் தொடர்வது, எதை விடுவது?

காயச்செவிலி:

சகோதரி, விவரமாக எழுதியதால் காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே தெரிகிறது. மருந்தை மாற்றும் முன் மூன்று விஷயங்களை இன்றே மாற்றுங்கள்: மாலை நேர உட்காரல், மெத்தைமேல் போட்ட ரப்பர் ஷீட்டும் போர்வையும், எட்டு மணி நேர டயப்பர். இவை அப்படியே இருந்தால் எந்தக் களிம்பும் வேலை செய்யாது.

தலைப்பக்கத்தை 60, 70 பாகை உயர்த்தினால் உடல் மெல்லக் கீழே சரியும். எலும்பு சரியும்போது தோல் படுக்கை விரிப்போடு ஒட்டி நின்றுவிடும். நடுவில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்கும். அதனால்தான் புண் சரியாக வால் எலும்பின் மேல் வந்திருக்கிறது. சாய்வு 30 பாகைக்கு மேல் போகக் கூடாது. சாப்பிடும் நேரம் மட்டும் விதிவிலக்கு: புரையேறாமல் இருக்க நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள், சாப்பிட்ட பின் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும், பிறகு இறக்கிவிடுங்கள். உயர்த்தும்போது முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்தி, அதன் பிறகு தலைப்பக்கத்தை உயர்த்தினால் சரிவது குறையும். உயர்த்தி முடித்ததும் அவரைத் தோளில் பிடித்து ஒரு முறை முன்னால் சாய்த்து மீண்டும் படுக்க வையுங்கள். இழுபட்ட தோல் விடுபட்டுவிடும். டி.வி.யைக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர்த்தினால் ஒருக்களித்துப் படுத்தபடியே பார்க்கலாம்.

புண் இப்போது இரண்டாம் நிலை: மேல்தோல் போயிருக்கிறது, கொழுப்பு தெரியவில்லை. அழுத்தத்தை நீக்கினால் சில வாரங்களில் மூடக்கூடியது. எனக்கு அதிகக் கவலை குதிகால்தான். தோல் கிழியாமல் கருநீலமாகத் தெரிந்தால், உள்ளே எலும்பையொட்டிய சதை ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது என்று பொருள். அழுத்தத்தைத் தோலை விடச் சதை குறைவாகவே தாங்கும், அதனால் சேதம் உள்ளிருந்து வெளியே வரும். நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தாலும் சில நாளில் அது கொப்புளமாகவோ கறுப்புப் பொருக்காகவோ மாறலாம். பதற வேண்டாம், கொப்புளத்தை ஊசியால் குத்தவும் வேண்டாம். கெண்டைக்கால் முழு நீளத்துக்கும் ஒரு தலையணை கொடுத்து, குதிகால் அந்தரத்தில் தொங்கும்படி வையுங்கள். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே உங்கள் கை தாராளமாக நுழைய வேண்டும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் தலையணை விளிம்பு அழுத்தக் கூடாது. சர்க்கரை இருப்பதால் பாத நாடியை மருத்துவர் தொட்டுப் பார்ப்பது அவசியம். காய்ந்த, ஆடாத, சுற்றிலும் சிவப்பில்லாத பொருக்கு வந்தால் அதை ஊறவைக்காதீர்கள், பிய்க்காதீர்கள். அதுதான் மூடி.

மஞ்சள், வேப்பெண்ணெய் வேண்டாம். கிருமி நீக்கிய பொருள்களும் அல்ல, மஞ்சள் நிறம் ஏறிவிட்டால் சுற்றுத்தோல் சிவக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. பெட்டாடினையும் நிறுத்துங்கள்: கிருமித்தொற்று இல்லாத சிவந்த புண்ணில் தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் செல்களும் சாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் அப்படியே. பஞ்சு வைத்தால் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பிய்க்கும்போது புதுத் தோலும் சேர்ந்து வரும். முகப்பவுடர் வியர்வையில் கட்டிதட்டி உரசும். ரப்பர் வளையம் வாங்கவே வாங்காதீர்கள். ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள தோலுக்கு வரும் ரத்தத்தைத் தடுத்துவிடும்.

சுத்தம் செய்ய மருந்துக்கடையில் கிடைக்கும் 500 மி.லி. நார்மல் சலைன் (உப்புநீர்) போதும். திறந்த புட்டியை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டில் செய்வதானால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் பொடி உப்பு (தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி), அன்றன்றைக்கு. 20 மி.லி. சிரிஞ்சில் எடுத்துப் புண்ணின் மேல் பீச்சுங்கள். துடைக்காதீர்கள். சுற்றுத்தோலை மட்டும் ஒற்றி உலர்த்துங்கள்.

டிரஸ்ஸிங்குக்கு ஓரத்தில் சிலிக்கான் பசை உள்ள ஃபோம் வகை இந்த இடத்தில் நன்றாக நிற்கும். ஹைட்ரோகொலாய்டும் (புண்நீரை உறிஞ்சிக் கூழாகும் ஒட்டுப்பட்டை) ஏற்றதுதான், ஆனால் வியர்வையில் விளிம்பு சுருளும். புண்ணின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2–3 செ.மீ. இருக்கும்படி அளவு வாங்குங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றினால் போதும். மலம் உள்ளே போனாலோ கசிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பாரஃபின் தடவிய வலைத்துணி, அதன்மேல் காஸ் துணி, தினம் ஒரு முறை. அதிலும் புண் ஆறும்.

இயன்முறை_மேசை:

திருப்பிப் படுக்க வைப்பது பற்றி நான் சேர்க்கிறேன்.

பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. முழுவதுமாக 90 பாகை ஒருக்களிக்க வைத்தால் எடை மொத்தமும் இடுப்பு எலும்பு முட்டில் இறங்கி அங்கே புதுப் புண் வரும். 30 பாகை சாய்வு போதும்: முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து இடுப்பு வரை நீளவாக்கில் ஒரு தலையணையைச் செருகுங்கள். பிறகு உள்ளங்கையை வால் எலும்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் அழுந்தாமல் இருந்தால் சாய்வு சரி. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. புண் ஆறும்வரை மல்லாக்கப் படுக்கும் முறையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

வலப்பக்கம் சாய்க்கும்போது வலது தோளைச் சற்று முன்னால் கொண்டுவந்து விடுங்கள், கை உடலுக்கு அடியில் மாட்டக் கூடாது. அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்பதால் வலி சொல்ல மாட்டார். அங்கே நேரத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும்.

மேலே ஏற்றிப் படுக்க வைக்கும்போது அக்குளில் கை கொடுத்து இழுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி குறுக்கே விரித்து வையுங்கள். இருவர் எதிரெதிரே நின்று, அவர் உடலை ஒட்டி வேட்டியைச் சுருட்டிப் பிடித்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சேர்ந்து தூக்கி நகர்த்த வேண்டும். மெத்தையில் தேய்ந்து வரக் கூடாது. நகர்த்தி முடித்ததும் வேட்டியை எடுத்துவிடுங்கள். மடிப்பு அடியில் கிடந்தால் அதுவே தழும்பு போடும்.

காற்று மெத்தை: மேலே மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று மட்டும், அதையும் இறுக்கிச் செருகாமல். குழாய்கள் மாறி மாறி உப்பி வடிவதால்தான் பயன். ரப்பர் ஷீட்டும் போர்வையும் போட்டால் அந்த ஏற்ற இறக்கம் தோலுக்கு எட்டாது, வியர்வையும் தேங்கும். அடியில் சாதாரண மெத்தை இருக்க வேண்டும். சோதிக்கும் முறை: அவர் படுத்திருக்கும்போது காற்று மெத்தைக்குக் கீழே, இடுப்புக்கு நேராக, உள்ளங்கையை மேல்நோக்கி விடுங்கள். அவருக்கும் உங்கள் கைக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்றாவது இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் பம்ப்பின் திருகை எடைக்கேற்பக் கூட்டுங்கள், அல்லது ஓட்டை இருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். மின்சாரம் போனால் காற்று வடிந்துவிடும் என்பதால் பம்ப்பை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள்.

இரவில் மெத்தை சரியாக வேலை செய்து, காலையில் எந்த இடமும் சிவந்திருக்கவில்லை என்றால் இடைவெளியை 4 மணி நேரம் வரை நீட்டலாம். ஆனால் மெத்தை இருக்கிறதே என்று திருப்பாமல் விடக் கூடாது. எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும்போது இதுதான் குழப்பத்தைத் தீர்க்கும்.

பத்தியக்கூடம்:

பாதி வயிறு சாப்பாடு என்றீர்களே, அதை விட்டுவிட முடியாது. புண் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்குத் தினம் 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 58 கிலோ என்றால் 72 முதல் 87 கிராம், கூடவே 1,740 கலோரிக்குக் குறையாமல். வீடுகளில் படுக்கையில் உள்ளவருக்குக் கேழ்வரகுக் கஞ்சியும் ரசம் சாதமும்தான் கொடுப்பார்கள். 30 கிராம் மாவில் காய்ச்சிய ஒரு தம்ளர் கேழ்வரகுக் கஞ்சியில் புரதம் வெறும் 2 கிராம்.

புரதக் கணக்கு கிராமில்: இரண்டு முட்டை 12, 200 மி.லி. பால் இரண்டு தடவை 13, மீன் 100 கிராம் சுமார் 20, பாசிப்பருப்பு 30 கிராம் 7, தயிர் 200 கிராம் 6, நன்றாக மசித்த சுண்டல் 30 கிராம் 6, இட்லி, சாதத்தில் 12. மொத்தம் 76. சைவம் என்றால் மீனுக்குப் பதில் பனீர் 100 கிராம். ஒரே வேளையில் திணிக்காமல் ஆறு சிறு வேளையாகப் பிரியுங்கள். இதைத் தொடங்கும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். சர்க்கரையோடு சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. சாய்வைக் குறைத்து, போர்வை, ரப்பர் ஷீட் எடுத்துவிட்டோம். ஹைட்ரோகொலாய்டுதான் கிடைத்தது. மூன்றாம் நாள் எடுத்தபோது மஞ்சளாகக் கூழ் மாதிரி இருந்தது, வாடையும் வந்தது. சீழ் பிடித்துவிட்டதா? மற்ற இடங்களில் புதிதாக வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் நல்ல கறுப்பு, சிவப்பு தெரிவதே இல்லை.

காயச்செவிலி:

அந்தக் கூழ் டிரஸ்ஸிங் புண்நீரை உறிஞ்சிக் கரைந்தது. அதற்கென்று ஒரு வாடை உண்டு. சலைனால் கழுவிய பிறகு பாருங்கள்: வாடை போய், அடியில் சிவப்பாகத் தெரிந்தால் நல்லது. கழுவிய பின்னும் நாற்றம் இருந்து, சுற்றுத்தோல் சூடாகி வீங்கியிருந்தால்தான் கிருமித்தொற்று.

கறுத்த தோலில் நிறத்தை நம்ப முடியாது, கையைத்தான் நம்ப வேண்டும். புறங்கையால் வால் எலும்பு, இரண்டு இடுப்பு முட்டு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை, காது மடல் எல்லாவற்றையும் தினம் இரண்டு முறை தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலை விடச் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ ஓரிடம் தட்டுப்பட்டால், அல்லது சுற்றியிருப்பதைவிடக் கறுத்து மினுமினுத்தால், அந்த இடத்தில் எடை போடாதீர்கள். அங்கே எண்ணெய் விட்டுத் தேய்க்கவும் வேண்டாம். நசுங்கிய திசு தேய்ப்பில் கிழியும். நிறம் தெரியும் இடத்தில் விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது முதல் நிலைப் புண்.

டயப்பரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, திருப்பும்போதே பார்த்துவிடுங்கள். காற்று மெத்தையில் படுத்திருக்கும்போது முடிந்தவரை இறுக்கிக் கட்டாமல் அடியில் விரிப்பாக மட்டும் போடுங்கள். கழுவி, ஒற்றி, துத்தநாக ஆக்ஸைடு களிம்பு மெல்லிசாக, டிரஸ்ஸிங் ஒட்டும் இடத்தைத் தவிர்த்து. தொடை இடுக்கிலும் பிட்டப் பிளவிலும் பரவலாகச் சிவந்து எரிந்தால் அது ஈரத்தால் வந்த அழற்சி, அழுத்தப் புண் அல்ல.

ஒவ்வொரு வாரமும் நீளம், அகலம் அளந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு வாரத்தில் சுருங்கவே இல்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீர் மயக்கம் அல்லது பிதற்றல், சிவப்பு பரவுவது, ஈரமான கறுப்புச் சதை, எலும்பு தெரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை. புண்ணை மூடாமல் வைத்தால் ஈ உட்கார்ந்து புழு வைக்கும், பகலிலும் கொசுவலை கட்டுங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிநிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். செவிலியர் வரும்போது குதிகாலை முதலில் காட்டுங்கள்.